இரத்தச் சோதனைச் சீட்டும் சிறுநீரகத்தின் கணக்கும்

சங்கத்தின் ஆண்டுக் கணக்கு மகாசபையில் வாசிக்கப்படும்போது, ரொக்கக் கையிருப்பை மட்டும் கேட்டுவிட்டு எந்த அங்கத்தினரும் எழுந்து போவதில்லை. சென்ற ஆண்டு எவ்வளவு, இவ்வாண்டு எவ்வளவு, நிலுவை யாது என்று ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே சங்கம் செழிக்கிறதா, நலிகிறதா என்று முடிவு செய்கிறோம். ஆனால், அதே அங்கத்தினர் தம் சிறுநீரகத்தைப் பற்றிய சோதனைச் சீட்டைப் பெற்றதும், அதிலுள்ள ஓர் எண்ணை மட்டும் நோக்கி, நலமென்று மகிழ்ந்தோ கேடென்று கலங்கியோ சீட்டைப் பெட்டியில் வைத்துவிடுகிறார். போடிமெட்டுச் சரிவுகளிலுள்ள ஏலத் தோட்டத்தாருக்கும், ஆண்டிபட்டிப் பக்கத்து நெசவாளர்களுக்கும் இச்சீட்டை வாசிக்கும் முறையை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சிறுநீரகத்தின் பணி

நம் உடலிலுள்ள சிறுநீரகங்கள் இரண்டும் ஒவ்வொரு நாளும் இரத்தத்திலிருந்து சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டுகின்றன. அதில் பெரும்பகுதி மீண்டும் இரத்தத்தில் சேர்க்கப்பட்டு, ஒன்றரை லிட்டர் அளவே கழிவுகளுடன் சிறுநீராக வெளியேறுகிறது. இந்த ஆற்றல் தேய்ந்துகொண்டே வந்தாலும், நோய் முற்றும் வரையில் பெரும்பாலும் வலி தோன்றுவதில்லை. இடுப்பு நோவு கண்டவுடன் சிறுநீரகம் கெட்டதென்று அஞ்சுவோர் உளர். தறிக் குழியில் அமர்ந்தோ, தோட்டத்தில் குனிந்தோ உழைப்பவர்க்கு வரும் நோவு பெரும்பாலும் தசையையும் முதுகெலும்பையும் சார்ந்ததே. உண்மையான தேய்வு அரவமின்றி வருவதாகும். ஆகவே சோதனை ஒன்றே முன்கூட்டி அறியும் வழி.

கிரியேட்டினின் என்பது யாது?

தசைகள் இயங்குவதால் உண்டாகும் கழிவுப் பொருளே கிரியேட்டினின். அது அன்றாடம் ஏறத்தாழ ஒரே அளவில் உண்டாகிச் சிறுநீரகத்தின் வழியே வெளியேறுகிறது. வெளியேற்றம் குன்றினால் இரத்தத்தில் தேங்குகிறது. இதனை அளக்க உதவும் நிற மாற்ற முறையை 1886-இல் ஜாஃபே என்னும் ஜெர்மானிய அறிஞர் கண்டறிந்தார். இன்றும் பல சோதனைக்கூடங்களில் அம்முறை திருத்தங்களுடன் வழங்கி வருகிறது. பொதுவாக ஆண்களுக்கு 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 0.7 முதல் 1.3 மில்லிகிராம் வரையிலும், பெண்களுக்கு 0.6 முதல் 1.1 வரையிலும் சரியான அளவெனக் கொள்வர். கூடத்துக்குக் கூடம் இது சிறிது வேறுபடும்.

தசை மிகுந்தவருக்குக் கிரியேட்டினின் இயல்பாகவே மிகுதி. மெலிந்தவருக்கும் முதியவருக்கும் குறைவு. எனவே ஒரே எண் இருவருக்கு இரு வேறு பொருள் தரும். 25 வயது ஆண் ஒருவருக்கும், 60 வயதுப் பெண் ஒருவருக்கும் சீட்டில் 1.1 என்றே வந்திருப்பதாகக் கொள்வோம். வயதையும், ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்துக் கணக்கிடும் 2021-ஆம் ஆண்டுச் சூத்திரத்தின்படி, அவ்வாலிபரின் வடிகட்டும் வேகம் நிமிடத்திற்குச் சுமார் 95 மில்லிலிட்டர். அம்மூதாட்டிக்கோ 57 அளவே. சீட்டில் 'இ.ஜி.எஃப்.ஆர்.' என்று குறிக்கப்படுவது இந்த வேகமே. நாம் முதலில் தேடிப் பார்க்க வேண்டிய எண்ணும் இதுவே. 90-க்கு மேல் இருப்பது நன்று. 60-க்குக் கீழ் இறங்கினால் மருத்துவரை நாட வேண்டும். 15-க்குக் கீழ் இறங்கிவிட்டால் டயாலிசிஸ் அல்லது மாற்றுச் சிறுநீரகம் பற்றி எண்ணும் நிலை வரும்.

முதலிழப்பே பேரிழப்பு

ஒருவருக்கு 0.8 ஆக இருந்த கிரியேட்டினின் 1.6 ஆகி அங்கேயே நிலைத்தால், வடிகட்டும் ஆற்றலில் ஏறத்தாழப் பாதி போய்விட்டதென்று பொருள். 1.6 என்பது 3.2 ஆகும்போது, எஞ்சிய பாதியிற் பாதி போகிறது. முதலில் ஏறியது 0.8 மட்டுமே, பின்னர் ஏறியது 1.6. ஆனால் முதலிற் போனதே பெரிய பங்கு. 0.7 அளவில் இருந்தவருக்குச் சில ஆண்டுகளில் 1.2 ஆகுமாயின், சீட்டு அதனைச் சரியான அளவென்றே காட்டும்; எனினும் ஆற்றலில் ஐந்தில் இரண்டு பங்கு குறைந்திருக்கக்கூடும். பழைய சீட்டைப் பாதுகாத்து வைத்தவரே இதனைக் கண்டுகொள்வார்.

யூரியா

சீட்டில் வரும் மற்றோர் எண் யூரியா. உடலில் நீர் வற்றினாலும், புலால் மிகுதியாக உண்டாலும் இது உயரும். ஆகவே இது ஒன்றைக் கொண்டு தீர்ப்புக் கூறலாகாது. சில கூடங்கள் 'யூரியா நைட்ரஜன்' என்று குறிக்கும். அதனை 2.14-ஆல் பெருக்கினால் யூரியாவின் அளவு வரும். இவ்விரண்டையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு, இருமடங்காயிற்றென்று கலங்க வேண்டா.

ஒரு நாட் சோதனை போதாது

விடியலில் ஜீப் ஏறி மலைத் தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளர் பலர், குளிரில் தாகம் தோன்றாமையாலும், பெண்கள் ஒதுங்க இடமின்மையாலும் போதிய நீர் அருந்துவதில்லை. அன்று மாலையே சோதித்தால் எண்கள் உயர்ந்து காட்டக்கூடும். ஆகவே, குறை மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தாலன்றி நாட்பட்ட சிறுநீரக நோயென்று மருத்துவர் முடிவு செய்வதில்லை. இதற்கு மாறாக, சிறுநீர் குறைந்தோ, முகமும் காலும் வீங்கியோ இருப்பின், மூன்று மாதம் காத்திராது உடனே செல்ல வேண்டும்.

நீரிழிவும் இரத்த அழுத்தமுமே இந்நோயின் முதன்மைக் காரணங்கள். எனினும் இவ்விரண்டும் இல்லாத உழவர்களையும் இந்நோய் பற்றுகிறது. இலங்கையின் வடமத்திய மாகாணத்தில் 1990-களிலிருந்தும், ஆந்திரத்தில் ஸ்ரீகாகுளம் மாவட்டத்து உத்தானம் பகுதியிலும் இவ்வாறு காணப்பட்டது. வெயிலில் நீரின்றி உழைத்தல், குடிநீர், பூச்சி மருந்து எனப் பலவாறு காரணம் ஆராயப்பட்டும், தனியொரு காரணம் இன்னும் உறுதிப்படவில்லை. ஆகவே, 'எமக்குச் சர்க்கரை இல்லை' என்பது சோதனையைத் தவிர்க்கப் போதிய காரணமாகாது.

சிறுநீரையும் சோதிக்க

வடிகட்டி பழுதுறும்போது ஆல்புமின் என்னும் புரதம் சிறுநீரிற் கசிகிறது. இரத்தத்திலுள்ள எண் மாறுவதற்கு முன்னரே இது தோன்றுவதுண்டு. ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு ஆல்புமின் 30 மில்லிகிராமுக்குக் குறைவாக இருத்தல் நலம். 300-ஐக் கடந்தால் கசிவு மிகுதி. இரத்தம், சிறுநீர் ஆகிய இரு சோதனைகளும் சேர்ந்தாலே கணக்கு நிறைவுறும்.

அங்கத்தினர்கள் செய்ய வேண்டுவன

நீரிழிவோ இரத்த அழுத்தமோ உடையவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையேனும் இவ்விரு சோதனைகளையும் செய்துகொள்ள வேண்டும். பெற்றோர் அல்லது உடன்பிறந்தோருக்குச் சிறுநீரக நோய் இருந்தவர்களும் அவ்வாறே. இயன்றவரை ஒரே சோதனைக்கூடத்தையே நாடுதல் ஒப்பிட உதவும். முதல் நாள் இரவு புலால் விருந்தையும், கடும் உழைப்பையும் தவிர்ப்பது நன்று. உட்கொள்ளும் மருந்துகளை, நாட்டு மருந்துகள் உட்பட, ஒளியாமல் மருத்துவரிடம் கூற வேண்டும். உடல் நோவுக்கென்று டைக்ளோபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற மாத்திரைகளைக் கடையில் வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் வழக்கம் சிறுநீரகத்துக்குப் பகையாகும். அதனைக் கைவிடல் வேண்டும்.

இச்சோதனைகளுக்குப் போடிநாயக்கனூர் அரசு மருத்துவமனையையோ, க.விலக்கிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையோ அணுகலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் ஊழியர்கள் வீட்டுக்கு வரும்போது, நீரிழிவையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொள்ளத் தவறலாகாது.

சங்கத்தின் கடன் புத்தகத்தைப் பத்திரப்படுத்தும் பெட்டியிலேயே ஒரு சிறு நோட்டையும் வைத்துக்கொள்ளுங்கள். தேதி, கிரியேட்டினின், இ.ஜி.எஃப்.ஆர்., ஆல்புமின், இரத்த அழுத்தம் என ஐந்து பத்தி கீறி, ஒவ்வொரு சோதனையின்போதும் ஒரு வரி எழுதி வாருங்கள். மருத்துவரிடம் செல்லும்போது அந்நோட்டைக் கொண்டு செல்லுங்கள். முதல் கரைந்த பின் தணிக்கை செய்து பயனில்லை என்பதை அங்கத்தினர்கள் நன்கறிவர். சிறுநீரகத்தின் கணக்குக்கும் அதுவே விதி.