மோட்டார் வண்டித் தடுப்புக்களின் அகாலத் தேய்வு

நிற்கும் பொருளை இயக்குவதிலும் இயங்கும் பொருளை வேண்டியவிடத்து நிறுத்துதல் அரிய செயலாகும். மோட்டார் வண்டியைப் பற்றிப் பேசுவோர் அதன் எஞ்சினின் வலுவையும் வேகத்தையும் வியந்து கூறுவர். அவ்வேகத்தை அச்சமின்றிப் பயன்படுத்த இடந்தருவது, பொதுவழக்கிற் பிறேக் எனப்படும் தடுப்பே என்பதை நினைப்பவர் சிலரே. குடும்பத்தினரையும் பாடசாலைப் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் இறங்கும் ஒருவர் தம் காலின் கீழுள்ள மிதியை நம்பியே இறங்குகின்றார்.

இத்தடுப்பின் உறுப்புக்களுள் உராய்வுப் பட்டைகளும் அவை பற்றும் இரும்புத் தட்டுக்களும் தேய்வதற்கென்றே அமைந்தவை. முன்னவற்றைத் தொழிலாளர் பாட் என்றும் பின்னவற்றை டிஸ்க் அல்லது ரோட்டர் என்றும் வழங்குவர். தேய்வு குறையன்று; காலத்துக்கு முந்திய தேய்வே குறையாகும். மேலைநாட்டார் எஸ்.யூ.வி. என மூன்றெழுத்தாற் குறிப்பனவும் நம்மவர் பொதுப்பட ஜீப் என்றே வழங்குவனவுமாகிய உயர்ந்த பெருவண்டிகளை உடையோர் இக்குறையை அடிக்கடி எடுத்துரைப்பர். பல பதினாயிரம் கிலோமீற்றர் உழைக்க வேண்டிய பட்டைகள் சில ஆயிரம் கிலோமீற்றரிலேயே தேய்ந்து, உலோகத்தோடு உலோகம் உரசும் ஓசை எழுகின்றது. உடையவர் புதியன வாங்கி மாற்றுகின்றார். சில மாதங்களில் அதே ஓசை மீண்டும் எழுகின்றது. அப்பொழுது அவர் பட்டையை விற்றவரைக் குறைகூறுவார். சிலவேளை அது பொருந்தும். ஆயினும் தேய்ந்த உறுப்புப் பெரும்பாலும் நோயன்று, நோயின் குறியே. அந்நோயின் காரணங்கள் யாவை என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் தடுப்பின் அமைப்பை நோக்குவாம். சில்லோடு கூடிச் சுழலும் வார்ப்பிரும்புத் தட்டின் இருபுறத்தும் பட்டைக்கு ஒன்றாக இரண்டு பட்டைகள் நிற்கின்றன. அவற்றைத் தாங்கி நிற்பது கலிப்பர் எனும் கவ்வி. சாரதி மிதியை அழுத்தும்போது குழாய்களில் அடைபட்ட திரவத்தின் அமுக்கம் உயர்ந்து, கலிப்பரினுள் இருக்கும் பிஸ்டனை வெளியே தள்ளுகின்றது. பிஸ்டன் உட்புறப் பட்டையைத் தட்டின்மீது அழுத்த, அதன் எதிர்விசையாற் கலிப்பர் இரண்டு ஊசிகளின்மீது வழுக்கி வந்து வெளிப்புறப் பட்டையையும் தட்டோடு சேர்த்து அழுத்துகின்றது. காலை எடுத்ததும் பிஸ்டனைப் பின்னிழுப்பதற்கென வில் எதுவும் இல்லை. பிஸ்டனைச் சூழ்ந்த இறப்பர் வளையம் அழுத்தத்தின்போது சிறிது வளைந்து, பின்னர்த் தன் பழைய வடிவத்துக்கு மீளும்போது பிஸ்டனையும் மயிரிழையளவு பின்வாங்கச் செய்கின்றது. தட்டுக்கும் பட்டைக்குமிடையே உள்ள இடைவெளி அவ்வளவே. இச்சிறு பின்வாங்கல் நிகழாதொழியின் பட்டை எந்நேரமும் தட்டை உரசிக்கொண்டே இருக்கும். இதனை மனத்திற் கொள்க; பின்னர் இது பயன்படும்.

அகாலத் தேய்வு இவ்வகைத் தடுப்போடு உடன்பிறந்த குறையெனலாம். இங்கிலாந்தைச் சேர்ந்த பிரெடெரிக் லாஞ்செஸ்டர் என்னும் பொறியியலாளர் 1902 ஆம் ஆண்டில் தட்டுத் தடுப்புக்கு ஆக்கவுரிமை பெற்றார். அக்காலத்திற் கிடைத்த பொருள்களுள் செம்பையே அவர் உராய்வுப் பொருளாகக் கொள்ள நேர்ந்தது. புழுதி மிகுந்த அக்காலத்துத் தெருக்களில் அச்செம்பு விரைவிலே தேய்ந்தது. பொறுத்தற்கரிய ஓசையும் எழுந்தது. ஆதலின் அவர் கண்ட வழி நெடுங்காலம் பெருவழக்குப் பெறவில்லை. 1953 ஆம் ஆண்டு பிரான்சிலுள்ள லெ மான் நகரில் நடைபெற்ற 24 மணிநேரப் பந்தயத்தில் தட்டுத் தடுப்புப் பூண்ட ஜகுவார் வண்டி வெற்றி பெற்ற பின்னரே உலகம் அதன் பெருமையை உணர்ந்தது. 1955 இல் வெளிவந்த சித்ரோயன் டி.எஸ். வண்டி முன்சில்லுகளில் அதனைக் கொண்டிருந்தது. தட்டின் சிறப்பு, அது காற்றிலே திறந்து நின்று வெப்பத்தை விரைவில் இழப்பதாகும். இவ்வெப்பமே நம் பொருளின் நடுநாயகம்.

சத்தியை ஆக்கவோ அழிக்கவோ இயலாது. ஒரு வடிவிலிருந்து மற்றொரு வடிவுக்கு மாற்றவே இயலும் என்பது பௌதிகவியலின் அடிப்படை விதி. தடுப்பு வண்டியின் இயக்கசத்தியை அழிப்பதில்லை; வெப்பமாக மாற்றுகின்றது. இயக்கசத்தி திணிவுக்கும் வேகத்தின் வர்க்கத்துக்கும் நேர்விகிதசமமானது. 2,000 கிலோகிராம் திணிவுள்ள ஒரு பெருவண்டி மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும்போது அதன் இயக்கசத்தி ஏறத்தாழ 770,000 யூல். 1,000 கிலோகிராம் திணிவுள்ள சிறுகாருக்கு இதிற் பாதியே. வெப்பத்தில் 70 சதவீதம் முன்சில்லுகள் இரண்டையும் சாரும் என்றும், முன் தட்டு ஒன்று 10 கிலோகிராம் நிறையுடையது என்றும் கொள்வோம். வார்ப்பிரும்பின் தன்வெப்பத்தைக் கொண்டு கணிப்பின், பெருவண்டியை ஒருமுறை நிறுத்தும்போது முன் தட்டு ஒவ்வொன்றும் ஏறத்தாழ 60 பாகை செல்சியஸ் சூடேறும். ஆறுவதற்கு இடைவெளி இன்றி அடுத்தடுத்து நிறுத்தின் அச்சூடு ஒன்றன்மேலொன்றாய்ச் சேரும்.

மலையிறக்கத்தில் நிலைமை இன்னும் கடியது. நுவரெலியா கடல்மட்டத்துக்கு மேல் 1,800 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ளது. அங்கிருந்து இறங்கும் அதே வண்டி 1,000 மீற்றர் உயரம் இறங்கியதும் இழக்கும் அழுத்தசத்தி 196 இலட்சம் யூல். மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் வண்டியை 25 தடவை நிறுத்துவதற்கு இது ஒப்பாகும். இதில் ஒரு பங்கைக் காற்றின் தடையும் சில்லுகளின் உருளல் தடையும் ஏற்கும். எஞ்சியதை எஞ்சின் ஏற்பதா தடுப்பு ஏற்பதா என்பதைச் சாரதியே தீர்மானிக்கின்றார். தாழ்ந்த கியரில் இறங்குவோரின் வண்டியில் எஞ்சின் பெரும்பங்கை ஏற்கின்றது. உயர்ந்த கியரிலோ கியர் நீக்கியோ இறங்குவோர் முழுச்சுமையையும் பட்டைகளின் மேற் சுமத்துகின்றனர். பட்டையின் துணிக்கைகளைப் பிணைத்து நிற்பது ஒருவகைப் பிசின். வெப்பம் மிகும்போது அது சிதையும். பிணைப்புத் தளர்ந்த பட்டை பொடிப்பொடியாக உதிரும். ஆதலின் தேய்வு வெப்பநிலையோடு சீராக உயராமல், ஓர் எல்லைக்கு மேற் பன்மடங்கு விரைகின்றது. ஒருநாளைய பிழையான இறக்கம் பல மாதத்துத் தேய்வை உண்டாக்குவது இதனாலேயாம்.

இனி, பெருவண்டிக்கே உரிய இயல்புகள் சில உள. அதன் ஈர்ப்புமையம் உயர்ந்து நிற்பது. வண்டி அமர்முடுகும்போது பாரம் முன்புறம் சாய்கின்றது. ஈர்ப்புமையம் உயருந்தோறும் இச்சாய்வும் மிகும். ஆதலின் முன் பட்டைகள் முந்தித் தேய்வது இயல்பே. அழகு கருதியோ சேற்று நிலத்தில் ஓட்டுதல் கருதியோ பெரிய ரயர்களைப் பூட்டுவோர் மற்றொரு சுமையையும் சேர்க்கின்றனர். சில்லின் ஆரை பெருகுந்தோறும் அதே நிறுத்தற்பயனைப் பெற மிகுந்த விசையோடு தட்டைப் பற்ற வேண்டும். தட்டோ பழைய அளவினதே. கூரைமேல் ஏற்றும் சுமையும் பின்னே கட்டி இழுக்கும் சுமையும் இவ்வாறே கணக்கில் வருவன.

முன் பட்டைகள் நன்றாயிருக்கப் பின் பட்டைகள் முந்தித் தேய்வதைக் கண்டு திகைப்போரும் உளர். இதற்குக் காரணம் அண்மைக்கால வண்டிகளின் இலத்திரனியற் கட்டுப்பாடு. வண்டியின் முன்புறம் தாழ்ந்து சாயாவண்ணம் மெல்லிய நிறுத்தங்களிற் பின் தடுப்புக்களுக்கு மிகுந்த பங்கை அது அளிக்கின்றது. சில்லு வழுக்கும்போதும் வண்டி திசைபிறழும்போதும், முன்செல்லும் வண்டியோடு இடைவெளி காத்து ஓடும்போதும், சாரதியின் கால் மிதியைத் தொடாமலே தடுப்புக்கள் இயங்குகின்றன. பின் பட்டைகள் பெரும்பாலும் முன்னவற்றினும் மெலியவை. ஆதலின் அவை முந்தித் தேய்வதைப் பழுதென உடனே துணிதல் ஆகாது.

இதுவரை கூறியவை பழுதற்ற வண்டிக்கும் பொருந்துவன. இனிப் பழுதினால் வருவனவற்றை ஆராய்வாம். இவற்றை அறிய உதவும் சிறந்த சான்று கழற்றியெடுத்த பழைய பட்டைகளே. அவற்றைக் குப்பையில் எறியுமுன் நான்கினையும் வரிசையாக வைத்து ஒப்பிட வேண்டும். நான்கும் ஒரே தடிப்பில் இருப்பின் காரணம் சுமையிலோ ஓட்டும் முறையிலோ பட்டையின் தரத்திலோ உளது. இடச்சில்லின் பட்டைகள் தேய்ந்து வலச்சில்லின் பட்டைகள் தேயாதிருப்பின் அந்தச் சில்லின் தடுப்பு விடாமற் பற்றுகின்றது என ஐயுறலாம். ஒரே சில்லில் உட்பட்டை மிகத் தேய்ந்து வெளிப்பட்டை தேயாதிருப்பின் பிஸ்டன் துருவேறி இறுகியிருக்கலாம். அல்லது கலிப்பர் ஊசிகள் வழுக்காதிருக்கலாம். ஒரு பட்டை ஒரு முனையில் தடித்தும் மறுமுனையில் மெலிந்தும் இருப்பின் இரண்டு ஊசிகளுள் ஒன்று இறுகியது எனக் கருத இடமுண்டு.

முன்னர்க் கூறிய மயிரிழைப் பின்வாங்கல் இங்கே தான் பயன்படுகின்றது. ஊசிகளைக் காக்கும் இறப்பர் உறை கிழிந்து நீரும் மணலும் புகின், உள்ளிருந்த கிறீஸ் அழிந்து ஊசி இறுகும். சாதாரண கிறீஸைப் பூசின் அது இறப்பரை ஊதச் செய்து தீங்கை மிகுவிக்கும். இதற்கென அமைந்த கிறீஸே தகும். பழைய இறப்பர்க் குழாய் உள்ளே வீங்கி, திரவம் மீள்வதைத் தடுப்பதும் உண்டு. கைத்தடுப்பின் கம்பி துருவேறி முழுதும் தளராதிருப்பதும் உண்டு. இவற்றுள் யாதாயினும் ஒன்று இருக்கப் பட்டையை மட்டும் மாற்றுவது, ஓட்டைப் பானையில் நீர் நிறைப்பதை ஒக்கும்.

தட்டின் கேட்டுக்கு வேறு இரு காரணங்களையும் கூறவேண்டும். ஒன்று துரு. வார்ப்பிரும்பு ஈரக்காற்றில் ஓரிரவிலே துருப்பிடிக்கும். நாள்தோறும் ஓடும் வண்டியில் அம்மெல்லிய துரு முதல் சில நிறுத்தங்களில் நீங்கிவிடும். கடலோரத்தில் வாரக்கணக்காக நிற்கும் வண்டியில் அது ஆழ்ந்து குழிகளை உண்டாக்கும். அக்குழிகள் அரம்போற் பட்டையை அராவும். நம் நாட்டிற் பெருகியுள்ள ஹைபிரிட் வண்டிகளில் ஒரு புதுமை காணலாம். அவை வேகத்தைக் குறைக்கும்போது இயக்கசத்தியின் ஒரு பங்கை மின்னாக்கிச் சேமிப்பதால் உராய்வுத் தடுப்புக்கு வேலை குறைவு. பட்டை நெடுங்காலம் உழைக்கும். தட்டோ பயன்படாமையாலே துருவேறிக் கெடும். மிகையான உழைப்பும் கேடு, உழைப்பின்மையும் கேடு.

மற்றொன்று தட்டின் நடுக்கம். நிறுத்தும்போது மிதி துடிப்பதையும் சுக்கான் நடுங்குவதையும் கண்டு, தட்டு வெப்பத்தால் வளைந்துவிட்டது என்பர். பெரும்பாலும் உண்மை அதுவன்று. தட்டைப் புதிதாகப் பூட்டும்போது அது பொருந்தும் முகத்தில் இருந்த துருவைத் துடைக்காது விடினும், சில்லின் நட்டுக்களைக் காற்றுப்பொறியால் ஒழுங்கின்றி மிகையாக முறுக்கினும் தட்டு மிகச் சிறிது சரிந்து சுழலும். சரிவு ஒரு மில்லிமீற்றரின் இருபதிலொரு பங்கேயாயினும், சுற்றுந்தோறும் அதே இடம் பட்டையை உரசும். சில ஆயிரம் கிலோமீற்றர் கழிந்தபின் அவ்விடத்தின் தடிப்பு மாறுபட, நடுக்கம் தோன்றும். ஆதலின் இந்நடுக்கத்தின் தொடக்கம் தட்டு பூட்டப்பட்ட நாளிலேயே நிகழ்ந்திருக்கக் கூடும்.

பட்டையின் தரத்தைப் பற்றியும் ஒரு சொல். போலிப் பொருள் விலை குறைந்தது. உராய்வுப் பொருள் உதிர்ந்தும் உருக்குத் தகட்டிலிருந்து பெயர்ந்தும் போவது. தேய்ந்த பட்டை தூசியாகின்றது என்பதையும் மறத்தலாகாது. நெடுங்காலம் உராய்வுப் பொருளாயிருந்த கல்நார் புற்றுநோய் விளைப்பது எனத் தெளிந்தபின் பல நாடுகள் அதனை விலக்கின. ஐக்கிய அமெரிக்கா 2024 இல் வெண்கல்நாருக்குத் தடைவிதித்தது. கலிபோர்னியாவில் 2010 இல் இயற்றப்பட்ட சட்டம், நீர்நிலைகளைக் காக்கும் பொருட்டுப் பட்டைகளிற் செம்பின் அளவைக் குறைக்கப் பணித்தது. பழைய பட்டையில் என்ன கலந்திருந்தது என்பதை அறியாத தொழிலாளி அதன் தூசியைக் காற்றால் ஊதுவது தன் நெஞ்சுக்குத் தானே தீங்கு தேடுவதாகும். ஈரத்துணியால் துடைத்தலே தக்கது.

மேற்கூறியவற்றால் வண்டியுடையோர் செய்யத்தக்கன சில பெறப்படுகின்றன. ரயர்களை இடம் மாற்றும் போதெல்லாம் பட்டைகளின் தடிப்பை உள்ளும் புறமும் நோக்குக. 3 மில்லிமீற்றரளவுக்குத் தேய்ந்ததும் மாற்றுக. தட்டின் விளிம்பிற் பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிப்பைப் பார்த்து, அதனினும் மெலிந்த தட்டைக் கடைசல் பிடித்துப் பயன்படுத்தற்க. ஓட்டத்தின் பின் ஒரு சில்லு மட்டும் மற்றவற்றினும் மிகச் சூடாயிருப்பின், கையால் தொடாது, அருகே கைவைத்தளவிலே அவ்வேறுபாட்டை உணரலாம். அதனை அன்றே ஆராய்விக்க. திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சுவது. ஈரம் ஏறிய திரவத்தின் கொதிநிலை தாழும். நெடும் இறக்கத்தில் அது கொதிப்பின் குமிழிகள் தோன்றி, மிதி பிடிப்பின்றித் தாழ்ந்துவிடும். ஆதலின் வண்டி செய்தோர் குறித்த காலத்தில் அதனையும் மாற்றுக. புதுப் பட்டைகளைப் பூட்டியபின் முதற் சில நூறு கிலோமீற்றரில் கடிய நிறுத்தங்களைத் தவிர்த்து, பட்டையும் தட்டும் ஒன்றோடொன்று பொருந்த இடமளிக்க.

எல்லாவற்றிலும் முதன்மையானது, பணிமனையிற் கேட்க வேண்டிய கேள்வியை மாற்றிக்கொள்வதாகும். புதிய பட்டைக்கு விலை யாது என்று மட்டும் கேட்போர் சில மாதங்களில் மீண்டும் அங்கு வருவர். இடையிலுள்ள நாள்களில் தம்மவரை நம்பத்தகாத தடுப்போடு ஏற்றிச் செல்வர். பழைய பட்டை ஏன் இவ்வளவு விரைவிலே தேய்ந்தது என்று கேட்டு, அதனைக் கையில் வாங்கிப் பார்த்து, காரணத்தை நீக்கிய பின்னரே புதியதைப் பூட்டுவிப்போர் பொருளையும் காப்பர், உயிரையும் காப்பர்.