விசையும் விவேகமும்
(விரைவுக் காரின் கியர்ப்பெட்டியும் இயக்கநிலைகளும் செயற்படும் முறை)

அறிவியல் ஆக்கங்களுள் மனிதனின் அன்றாட வாழ்வோடு நெருங்கிப் பழகுவது ஊர்தி. அதனை நாள்தோறும் காண்கின்றோம். அதில் ஏறிச் செல்கின்றோம். ஆயினும் அதனுள்ளே நிகழும் செயற்பாடுகளை அறிய முற்படுவோர் சிலரே. விரைவுக் கார்களைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம், ‘ஸ்போர்ட் பொத்தானை அழுத்தினால் கார் பறக்கும்’ என்று மாணவர்கள் வியந்து கூறக் கேட்கின்றோம். அப்பொத்தான் எஞ்சினுக்குப் புதியதோர் ஆற்றலை ஊட்டுகின்றது என்பது பலரது எண்ணம். உண்மை அதுவன்று. இருக்கின்ற ஆற்றலை எப்போது, எவ்வளவு விரைவாக, எம்முறையில் வெளிப்படுத்துவது என்னும் முடிவையே அப்பொத்தான் மாற்றுகின்றது. இக்கருத்தை, ஜெர்மனி நாட்டுப் போர்ஷே நிறுவனத்தின் 911 என்னும் காரைச் சான்றாகக் கொண்டு ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

கியர் ஏன் வேண்டும்?

எஞ்சின் ஒன்று எல்லாச் சுழற்சியிலும் ஒரே அளவு விசையைத் தருவதில்லை. மிக மெதுவாகச் சுழலும்போது அதன் விசை குறைவு. ஓர் எல்லைக்கு மேல் சுழல முற்பட்டால் அதன் உறுப்புகள் தாங்கா. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட சுழற்சியிலேதான் அது நன்கு உழைக்கும். சாலையிலோ கார் நின்ற நிலையிலிருந்து மணிக்கு 300 கிலோமீட்டரை எட்டும் வரை பல வேகங்களில் செல்ல வேண்டியுள்ளது. எஞ்சினின் குறுகிய எல்லையையும் சாலையின் அகன்ற தேவையையும் இணைத்து வைப்பதே கியர்ப்பெட்டியின் பணியாகும்.

எஞ்சின் நான்கு முறை சுழலும்போது சக்கரத்தை ஒருமுறை சுழலச் செய்தால், வேகம் நான்கில் ஒன்றாகக் குறையும்; திருப்பும் ஆற்றலாகிய முறுக்குவிசை, உராய்வால் இழப்பது போக, ஏறத்தாழ நான்கு மடங்காகும். நெம்புகோலின் நீண்ட முனையைப் பிடித்துப் பாறையைப் பெயர்ப்பவன் கையை அதிக தூரம் நகர்த்திச் சிறிதளவே பாறையை அசைக்கின்றான் அல்லவா? அதே கணக்குத்தான் இதுவும். முதல் கியர் வலிமையைத் தரும்; உயர்ந்த கியர் வேகத்தைத் தரும். இரண்டையும் ஒருங்கே பெற இயலாது. ஆகவேதான் கார் விரைய விரையக் கியரை மாற்றிக்கொண்டே செல்ல வேண்டியுள்ளது.

மாற்றத்தின்போது நேரும் இடைவெளி

கையால் கியர் மாற்றும் காரில் ஓட்டுநர் கிளட்ச் மிதியை அழுத்துகின்றார். எஞ்சினுக்கும் கியர்ப்பெட்டிக்கும் இடையிலுள்ள தொடர்பு அறுகின்றது. கோலை நகர்த்தி அடுத்த கியரைப் பொருத்துகின்றார்; பின்னர் மிதியை விடுவிக்கின்றார். தொடர்பு மீண்டும் உண்டாகின்றது. தேர்ந்த ஓட்டுநர் இதனை ஒரு நொடிக்குள் முடித்துவிடுவார். ஆயினும் அந்தச் சிறுபொழுதில் சக்கரங்களுக்கு எஞ்சினின் விசை சென்று சேர்வதில்லை. அன்றாடப் பயணத்தில் அது பொருட்டன்று. பந்தயத்திலோ ஒரு சுற்றுக்குப் பல முறை கியர் மாற்ற நேர்வதால், அச்சிறு இழப்புகள் கூடிப் பெரிதாகின்றன. விசை அறாமல் கியரை மாற்ற இயலுமா என்னும் வினா இவ்வாறுதான் எழுந்தது.

இரண்டு கிளட்சுகள்

நாகசுரக் கலைஞர் இருவர் சேர்ந்து வாசிப்பதைக் கேட்டிருப்போம். ஒருவர் மூச்சை இழுத்துக்கொள்ளும் வேளையில் மற்றவர் இசையைத் தாங்கி நிற்பார். கேட்போர் செவிக்கு இசை அறுவதில்லை. இரட்டைக் கிளட்ச் கியர்ப்பெட்டியின் நுட்பமும் இத்தகையதே.

ஒரே பெட்டிக்குள் இரண்டு கியர்ப்பெட்டிகள் அடங்கியுள்ளன என்று கொள்ளலாம். 1, 3, 5, 7 ஆகிய ஒற்றைப்படைக் கியர்களும் பின்செல்லும் கியரும் ஒரு கிளட்சின் பொறுப்பு. 2, 4, 6 ஆகிய இரட்டைப்படைக் கியர்கள் மற்றொரு கிளட்சின் பொறுப்பு. இவற்றுக்குரிய தண்டுகள் இரண்டனுள் ஒன்று குழல்போல உள்ளீடற்றது. மற்றது அதனூடே செல்வது. இரு கிளட்சுகளும் எண்ணெயில் நனைந்தே இயங்குவதால் உராய்வின் வெப்பம் தணிகின்றது.

கார் மூன்றாம் கியரில் விரைந்துகொண்டிருக்கின்றது எனக் கொள்வோம். அப்போதே நான்காம் கியர் மறுதண்டில் பொருத்தப்பட்டு ஆயத்தமாகக் காத்திருக்கும். அதன் கிளட்ச் மட்டும் திறந்திருக்கும். மாற்ற வேண்டிய நேரம் வந்ததும் முதல் கிளட்ச் விடுபட விடுபட, இரண்டாம் கிளட்ச் பற்றிக்கொள்கின்றது. சுமை ஒரு கையினின்று மறு கைக்கு மாறுகின்றதே அன்றிக் கீழே விழுவதில்லை. சக்கரங்களுக்குச் செல்லும் விசை அறுவதுமில்லை.

இங்கு ஒரு நுட்பம் கருதத்தக்கது. அடுத்து வேண்டப்படுவது நான்காம் கியரா, இரண்டாம் கியரா என்பதை முன்கூட்டியே உணர்ந்தால்தான் அதனை ஆயத்தமாக வைக்க இயலும். ஓட்டுநரின் கால் ஆக்ஸிலேட்டரை அழுத்துகின்றதா, பிரேக்கை அழுத்துகின்றதா, கார் விரைகின்றதா, தளர்கின்றதா என்பனவற்றைக் கணினி இடையறாது நோக்கி ஊகிக்கின்றது. ஊகம் தவறினால் பொருத்திய கியரை விலக்கி வேறொன்றைப் பொருத்தச் சற்றே காலம் செல்லும். எனவே இப்பெட்டியின் சிறப்பு இரும்பில் பாதி, கணிப்பில் பாதி எனலாம்.

கருத்து முந்தியது; காலம் பிந்தியது

இரட்டைக் கிளட்ச் என்னும் கருத்து புதியதன்று. பிரெஞ்சுப் பொறியாளர் அடால்ஃப் கெக்ரெஸ் 1939-ஆம் ஆண்டளவிலேயே இதனை வகுத்திருந்தார். ஆயினும் இரு கிளட்சுகளையும் கணநேரப் பிழையுமின்றி இயக்க மின்னணு மூளை தேவை. அது அந்நாளில் இல்லை. 1980-களில் போர்ஷே நிறுவனம் தன் 956, 962 ஆகிய பந்தயக் கார்களில் இதனைச் சோதித்தது. 1986-இல் இத்தாலியின் மோன்சா களத்தில் நடந்த 360 கிலோமீட்டர்ப் பந்தயத்தில், இப்பெட்டி பூண்ட 962 கார் ஹான்ஸ்-யோவாகிம் ஸ்டுக், டெரெக் பெல் ஆகிய இருவரின் கைவண்ணத்தில் வெற்றி கண்டது. 2003-இல் ஃபோக்ஸ்வாகன் நிறுவனத்தின் கோல்ஃப் ஆர்32 வாயிலாக இந்நுட்பம் பொதுச்சாலைக்கு வந்தது. 2008-இல் ஏழு கியர்களோடு 911 காரில் இடம்பெற்றது.

அதற்குப் போர்ஷே சூட்டிய பெயர் ‘டோப்பெல்குப்ளுங்ஸ்கெட்ரீபே’. சுருக்கமாகப் பி.டி.கே. என்பர். டோப்பெல் என்றால் இரட்டை. குப்ளுங் என்றால் கிளட்ச். கெட்ரீபே என்றால் கியர்ப்பெட்டி. சொற்களை ஒட்டி ஒரே சொல்லாக்கும் ஜெர்மானிய வழக்கைக் காணும்போது நம் தொகைச்சொற்கள் நினைவுக்கு வருகின்றன. பொருளை அறிந்தபின் அந்நெடும்பெயர் அச்சுறுத்துவதில்லை.

இரட்டைக் கிளட்ச் ஒன்றே வழி என்று கருதிவிடலாகாது. பி.எம்.டபிள்யூ நிறுவனம் தன் எம்5 காரில் 2011-இல் இரட்டைக் கிளட்ச்சைக் கையாண்டது. 2017-இல் வந்த அடுத்த தலைமுறையிலோ எண்ணெயின் சுழற்சியால் விசையைக் கடத்தும் எட்டுக் கியர்த் தானியங்கிப் பெட்டிக்கு மாறியது. கணினிக் கட்டுப்பாடு வளர்ந்ததால் பழைய முறையும் விரைவில் குறைவில்லாததாயிற்று.

பொத்தான் மாற்றுபவை யாவை?

இனி ‘மோடு’ என வழங்கும் இயக்கநிலைகளைக் காண்போம். 2008-ஆம் ஆண்டு 911-இல், இதற்கென அமைந்த கூடுதல் தொகுதியைப் பெற்ற கார்களில், ஸ்போர்ட், ஸ்போர்ட் பிளஸ் என்னும் இரு பொத்தான்கள் இருந்தன. 2015-இல் அவை ஸ்டீயரிங்கிலேயே அமைந்த சிறு திருகாக மாறின. இயல்புநிலை, ஸ்போர்ட், ஸ்போர்ட் பிளஸ், ஓட்டுநர் தாமே வகுத்துக்கொள்ளும் தனிநிலை என நான்கு நிலைகள் அதில் உண்டு. இவற்றால் மாறுபவை நான்கு.

முதலாவது, ஆக்ஸிலேட்டரின் பொருள். இக்கார்களில் மிதிக்கும் எஞ்சினுக்கும் இடையே கம்பித் தொடர்பு இல்லை, மின்குறிப்பே செல்கின்றது. கால் இவ்வளவு அழுத்தினால் எஞ்சின் இவ்வளவு உழைக்க வேண்டும் என்பதைக் கணினி வகுக்கின்றது. ஸ்போர்ட் நிலையில் அதே அழுத்தத்துக்கு மிகுதியான மறுமொழி கிட்டும். ஆனால் மிதியை முற்றிலும் அழுத்திவிட்டால் இரு நிலைகளிலும் கிடைப்பது ஒரே ஆற்றல்தான்.

இரண்டாவது, கியர் மாறும் தருணம். இயல்புநிலையில் எரிபொருளைச் சேமிக்கும் பொருட்டு உயர்ந்த கியருக்கு விரைவில் தாவும். ஸ்போர்ட் நிலையில் எஞ்சினை மிகுந்த சுழற்சியில் நிறுத்தி, மாற்றத்தைத் தாமதிக்கும். பிரேக்கை அழுத்தினால் தாழ்ந்த கியருக்கு முன்னதாகவே இறங்கும். வளைவினின்று வெளிவரும்போது வேண்டிய விசை ஆயத்தமாக இருக்க வேண்டும் என்பதே இதன் நோக்கம்.

மூன்றாவது, கியர் மாறும் வன்மை. இயல்புநிலையில் பயணியர் உணராவண்ணம் மென்மையாக மாறும். ஸ்போர்ட் பிளஸ் நிலையில் மென்மையை விட்டு விரைவையே நாடும்.

நான்காவது, கியருக்கு அப்பாற்பட்டவை. அதிர்வுதாங்கிகள் இறுகும்; கார் வழுக்காமல் காக்கும் மின்னணு அமைப்பு சற்றுத் தாமதித்தே குறுக்கிடும். எனினும் 2008-ஆம் ஆண்டுக் காரில், அதிர்வுதாங்கிகளை ஓட்டுநர் இறுக்கியிருந்தாலும், சாலை கரடுமுரடானால் அமைப்பே மென்மைக்குத் திரும்பிவிடும். இறுக்கமான அதிர்வுதாங்கி மேடுபள்ளத்தில் சக்கரத்தைத் துள்ளச் செய்யும். துள்ளும் சக்கரத்துக்குப் பிடிப்பு இல்லை. கடுமை எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்பதை அந்த இயந்திரத்தை வடித்தோர் உணர்ந்திருந்தனர்.

எண்கள் உரைக்கும் உண்மை

2008-இல் வந்த 911 கரேரா காரின் எஞ்சின் ஆற்றல் 345 குதிரைத்திறன். கைமுறைக் கியரோடு அது நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டரை எட்ட 4.9 நொடிகள் ஆகும் என்று நிறுவனம் அறிவித்தது. இரட்டைக் கிளட்ச் பெட்டியோடு 4.7 நொடிகள். ஸ்போர்ட் பிளஸ் நிலையில், புறப்பாட்டைக் கணினியே நெறிப்படுத்தும் ஏற்பாட்டோடு 4.5 நொடிகள். மூன்றிலும் எஞ்சின் ஒன்றே, குதிரைத்திறன் ஒன்றே. மிச்சமான 0.4 நொடி, ஆற்றல் கூடியதால் வந்ததன்று. வீணாகாமல் காக்கப்பட்டதால் வந்தது. நாம் முதற்கண் கூறிய கருத்துக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

விதிவிலக்கும் உண்டு. 2006-இல் வந்த 911 டர்போ காரில், கூடுதல் தொகுதியைப் பெற்று ஸ்போர்ட் நிலையில் ஓட்டினால், முறுக்குவிசை 620 நியூட்டன் மீட்டரிலிருந்து 680 ஆக உயரும். அதுவும் 10 நொடி வரைதான். எஞ்சினின் காற்றழுத்தத்தைச் சிறிதுபொழுது கூட்டியதால் விளைந்தது அது, கியர்ப்பெட்டியின் செயலன்று.

பொத்தானால் மாறாதது

கார் எத்துணை நுட்பம் வாய்ந்ததாயினும் சாலையைத் தொடுவது நான்கு டயர்களின் சிறு பரப்பே. முடுக்கம், திருப்பம், நிறுத்தம் மூன்றும் அப்பிடிப்பையே நம்பியுள்ளன. எந்த இயக்கநிலையும் டயருக்கும் சாலைக்கும் இடையிலான உராய்வின் இயல்பை மாற்றுவதில்லை.

ஒரு கணக்கைப் பார்ப்போம். உலர்ந்த சாலையில், நொடிக்கு நொடி வேகம் 10 மீட்டர் வீதம் குறையுமாறு வலுவாகப் பிரேக் அழுத்தினால், மணிக்கு 100 கிலோமீட்டரில் செல்லும் கார் ஏறத்தாழ 39 மீட்டரில் நிற்கும். மணிக்கு 200 கிலோமீட்டரில் செல்வது நிற்க 154 மீட்டர் வேண்டும். வேகம் இருமடங்கானால் தூரம் நான்மடங்கு. இடரைக் கண்டு காலை நகர்த்த ஒரு நொடி கழியுமாயின், அதற்குள் முதற்கார் 28 மீட்டரையும் இரண்டாவது 56 மீட்டரையும் கடந்திருக்கும். கியர் மாற்றத்தில் சேமித்த 0.4 நொடியைப் போற்றுவோர், கவனம் சிதறி இழக்கும் ஒரு நொடியின் விலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஈரநிலை

2018-இல் அறிமுகமான அடுத்த தலைமுறை 911-இல் எட்டுக் கியர்களோடு ‘வெட்’ என்னும் ஈரநிலையும் சேர்க்கப்பட்டது. முன்சக்கரங்களின் மேலுள்ள வளைவறைகளில் ஒலியுணரிகள் உள்ளன. நனைந்த சாலையில் டயர் வாரி இறைக்கும் நீரின் ஓசையை அவை செவிமடுக்கின்றன. உடனே கட்டுப்பாட்டு அமைப்புகள் தம்மை ஆயத்தப்படுத்திக்கொண்டு ஓட்டுநரை எச்சரிக்கின்றன. ஈரநிலையைத் தேர்ந்தால் ஆக்ஸிலேட்டரின் மறுமொழி தணிகின்றது. கியர் மாற்றம் அமைதியடைகின்றது. மணிக்கு 90 கிலோமீட்டருக்கு மேல் பின்புறச் சிறகு எழுந்து காரைச் சாலையோடு அழுத்துகின்றது.

இதிலே நம் உள்ளத்தைத் தொடுவது ஒன்று உண்டு. இயந்திரம் எச்சரிக்கின்றது, ஆனால் தானே நிலையை மாற்றிவிடுவதில்லை. மழையை அறிவித்துவிட்டு, முடிவை மனிதனிடம் விட்டுவிடுகின்றது. விரைவுக்கெனப் பிறந்த காரிலேயே வேகத்தைத் தணிக்கும் நிலை இடம்பெற்றமை, அதை வடித்தோரின் தோல்வியன்று, அறிவின் முதிர்ச்சியாகும்.

நிறைவாக

செயல் ஒன்றில் இறங்குமுன் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் எனப் பகுத்தாராய்வது நம் முன்னோர் வகுத்த நெறி. எஞ்சினின் ஆற்றல் வலி. கியர் மாறும் தருணம் காலம். டயர் பற்றும் சாலை இடம். வலியை எஞ்சின் தருகின்றது. காலத்தைக் கணினி கணிக்கின்றது. இடத்தை அறிந்து நிலையைத் தேரும் பொறுப்பு மட்டும் இன்னும் ஓட்டுநர் கையிலேயே இருக்கின்றது. பள்ளிக்கூட வாயிலைக் கடக்கும் தெருவுக்கும் பந்தயக் களத்துக்கும் உள்ள வேறுபாட்டை எந்தக் கியர்ப்பெட்டியும் தானே அறியாது. அதனை அறிந்தவன் கையில்தான் அந்நுண்பொறி நற்பயன் நல்கும்.