பூட்டை உடைத்தால் கணக்கு தீருமா?

தீபாவளிச் சீட்டு நடத்தியவர் தலைமறைவானால், கடை ஷட்டரை நெம்பி மிக்ஸி, குக்கர், எண்ணெய் டின் என்று அகப்பட்டதைத் தூக்கிப் போவதை வந்தவாசி, செய்யாறு பக்கம் பலர் திருட்டாகவே நினைப்பதில்லை. கட்டிய பணத்துக்கு ஈடு என்பார்கள். கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆரணி வரை கிளை பரப்பிய ஆருத்ரா கோல்டு நிதி நிறுவனம், மாதம் 25, 30 சதவீத வட்டி என்று ஆசைகாட்டி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் 2,438 கோடி ரூபாய் வசூலித்ததாகப் பொருளாதாரக் குற்றப்பிரிவு சொல்கிறது. அந்த நிறுவனத்தில் சோதனை நடந்தது 2022 மே மாதத்தில். ஆனால் தலைமறைவான சீட்டுக்காரரின் கடைச் சரக்கு யாருடையது? 1997-ஆம் ஆண்டின் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, சொத்துகளை முடக்கி, ஏலம் விட்டு, ஏமாந்த எல்லோருக்கும் பங்கிட வேண்டும். முந்தி வந்தவர் தூக்கிய குக்கரில், கூட்டத்தில் இடித்து நுழைய முடியாத கிழவியின் பங்கும் இருக்கிறது. ரகளையில் கிழிபடும் லெட்ஜர்தான் அவள் பணம் கட்டியதற்குச் சாட்சி. அது போனால் மகிழ்பவர் ஓடிப்போன முதலாளி.

கோர்ட் என்றால் வருஷக்கணக்கில் இழுக்குமே என்பார்கள். இழுக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் பொறுமை இழந்து கைநீட்டினால், அடி விழுவது பெரும்பாலும் உள்ளூர் ஏஜென்ட் மேல். கமிஷன் வாங்கியவர் அப்பாவி அல்ல, விசாரிக்கப்பட வேண்டியவரே. இருந்தாலும் பணம் போன வழி தெரிந்த அவரை அடித்து ஊரைவிட்டு ஓட்டினால் வழக்குதான் தளரும். தாமதத்துக்கு எதிராகக் காட்டவேண்டிய கோபத்தை, ரசீதுகளோடு கூட்டாகத் திரண்டு, கலெக்டரின் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஏலத் தேதி கேட்டுக் காட்டலாம்.