காட்டுக்கோழி சுமந்துவரும் சான்று

நம் கெடா மாநிலத் தோட்டங்களில், செம்பனை வரிசைகளுக்கிடையே காட்டுக்கோழி ஓடி மறைவதைக் காணாதார் சிலரே. மலாய்க்காரர் 'ஆயாம் ஹூத்தான்' என்றழைக்கும் இச்சிவப்புக் காட்டுக்கோழியே வீட்டுக்கோழியின் முன்னோர். இதன் உடலில் பழங்கால நோயொன்றின் சுவடு பொதிந்துள்ளது. அஃது எவ்வாறு வந்ததெனக் காண்போம்.

1911-இல் நியூயார்க்கில் பெய்டன் ரவுஸ் என்னும் அறிஞர், கோழியின் புற்றுக்கட்டியை அரைத்து, பாக்டீரியாவும் புகவியலாத வடிகட்டியில் வடித்தார். அந்நீரைச் செலுத்திய கோழிக்கும் புற்று வந்தது. காரணம், வைரஸ் என்னும் நச்சுயிர். இதற்கான நோபல் பரிசு 1966-இல்தான் அவரை வந்தடைந்தது.

இவ்வகை 'ரெட்ரோ வைரஸ்', உயிரணுவுள் நுழைந்ததும் தன் ஆர்.என்.ஏ.யை டி.என்.ஏ.யாக மாற்றி எழுதி, அவ்வுயிரணுவின் டி.என்.ஏ.க்குள்ளேயே செருகிவிடும். அவ்வுயிரணு தோலையோ குருதியையோ சார்ந்ததாயின் கோழியோடு மாளும். முட்டையையோ விந்தையோ உண்டாக்குவதாயின், அச்செருகல் குஞ்சுகளுக்கும் வழிவழியாகச் செல்லும். நோய் பரம்பரைச் சொத்தாகிவிடும்!

தாய்க்கோழியின் நோய் முட்டை வழியாகத் தொற்றுவதும் உண்டே. இது பரம்பரைதான் என்பதை எவ்வாறு தெளிவது? ராபின் வைஸ், பெய்ன் ஆகியோர் கோழிகளை இணைசேர்த்து ஆராய்ந்து, 1971-இல் விடை கண்டனர். மெண்டல் பட்டாணிச் செடியில் கண்ட விதிப்படியே இதுவும் சந்ததிக்குச் சென்றது. தொற்றுநோய் இத்தகைய கணக்குக்குக் கட்டுப்படாது.

இது பண்ணையில் புகுந்த மாசோ என்னும் ஐயம் எழலாம். வைஸ் மலாயாக் காட்டுக்கோழிகளையும் ஆராய்ந்து, பிக்ஸ் என்பாருடன் 1972-இல் முடிவை வெளியிட்டார். அவற்றிலும் அச்சுவடு இருந்தது! பறவைகள் பலவற்றின் டி.என்.ஏ.யை ஒப்பிட்ட ஆய்வொன்று 1979-இல் வெளிவந்தது. சிவப்புக் காட்டுக்கோழியில் உள்ள அவ்வரிசை, அதன் நெருங்கிய உறவான, தமிழ்நாட்டு மலைக்காடுகளில் வாழும் சாம்பல் காட்டுக்கோழியில் இல்லை. எனவே, இவ்விரு இனங்களும் பிரிந்த பின்னரே அது சிவப்புக் காட்டுக்கோழியின் மரபில் புகுந்தது என்பது பெறப்படும்.

வீட்டுக்கோழிகளோடு கலந்து, காட்டுக்கோழியின் தூய மரபு இன்று மங்கிவருகிறது. மரபு மங்கினால், இத்தகைய சான்றுகளைப் படித்தறிவதும் அரிதாகும். காட்டுக்கோழியைக் காப்பது, எழுதப்படாத வரலாற்று ஏடொன்றைக் காப்பதாகும். இதனை மாணவர்க்கு எடுத்துரைப்பது நம் கடன்.