பங்காளி என்னும் பட்டம்

பீடி சுற்றும் வீடுகள் நிறைந்த குடியாத்தத்துக்கு நாம் இன்று எழுத வந்த சங்கதி முற்றிலும் புதிதன்று. ஆயினும் அது தொடங்கியது மும்பையில். 2025 மார்ச்சு மாதம் அர்பன் கம்பெனி என்னும் ஸ்தாபனம் அந்நகரில் ஒரு புது ஏற்பாட்டை ஆரம்பித்தது. கைப்பேசியை விரலால் தொட்டால், பதினைந்து நிமிஷத்தில் பாத்திரம் துலக்கவும் வீடு பெருக்கவும் ஒரு பெண் வாசலில் வந்து நிற்பாள். தொடக்கச் சலுகையாக மணிக்கு 49 ரூபாய். ‘இன்ஸ்டா மெய்ட்ஸ்’ என்று அதற்குப் பெயரிட்டார்கள். வேலைக்காரி என்று பொருள்படும் அச்சொல்லைப் பலர் கண்டித்தார்கள். உடனே ‘இன்ஸ்டா ஹெல்ப்’ என்று பெயர் மாறிற்று. பெயரை மாற்றுவதில் செலவு ஒன்றுமில்லை அல்லவா? இப்போது ஸ்நாபிட், பிரான்டோ என வேறு கம்பெனிகளும் இத்தொழிலில் இறங்கிவிட்டன. குடியாத்தம் ரயிலடியில் ஏறினால் ஒரு பக்கம் சென்னை, மறுபக்கம் பெங்களூர். பிழைப்பைத் தேடி நம் பெண்கள் எப்பட்டணத்துக்குப் போனாலும் நாளை இக்கைப்பேசிதான் அவர்களை வேலைக்கு அழைக்கும்.

நியாயமாகப் பேசுவோம். பழைய முறை பொற்காலமன்று. பண்டிகைக்குப் பழஞ்சேலை, ஒரு நாள் வராவிட்டால் சம்பளப் பிடிப்பு, காப்பிக்குத் தனி டம்ளர் - இவற்றை அறியாத நேயர் நம்மில் எவருமில்லை. மேடையில் சமத்துவம் பேசிவிட்டு வீடு திரும்புகிறவர்கள் அந்த டம்ளர் எந்த மூலையில் இருக்கிறதென்று ஒரு தரம் பார்ப்பது நல்லது. மும்பையில் தன்னிடம் வேலை செய்யும் பெண்ணுக்கு மணிக்கு 150 முதல் 180 ரூபாய் வரை கிடைக்கிறதென்றும், மாதத்தில் 132 மணி உழைப்பவளுக்குக் குறைந்தது 20,000 ரூபாய்க்குத் தான் உறுதி சொல்வதாகவும் அக்கம்பெனி அப்போது அறிவித்தது. தமிழ்நாட்டுச் சர்க்கார் 2018-இல் வீட்டு வேலைக்கு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 37 ரூபாய்தான். ஆகவே கூலி சொற்பமென்று நாம் சண்டைக்குப் போகவில்லை. நமது கேள்வி வேறு. இப்பெண் யாருடைய ஆள்?

அவள் தொழிலாளியல்லள், ‘பார்ட்னர்’ என்கிறது கம்பெனி. தமிழில் பங்காளி. பங்காளி யாரென்று நமக்கா தெரியாது? சொத்தில் பாகம் கேட்பவன்; கொடாவிட்டால் பாகப்பிரிவினை வழக்குப் போடுபவன். அத்தகைய பங்காளிகளுக்காக நாமே கோர்ட்டில் வாதாடிக் களைத்திருக்கிறோம். இந்தப் பங்காளிக்கோ லாபத்தில் பாகமில்லை. கணக்கைப் பார்க்கும் பாத்தியதையில்லை. விலையை வைப்பது கம்பெனி. அவளை எவ்வீட்டுக்கு அனுப்புவதென்று தீர்மானிப்பதும் கம்பெனி. வீட்டுக்காரர் போடும் நட்சத்திரங்களை எண்ணி அவள் யோக்கியதையை அளப்பதும் கம்பெனியே. மாதத்தில் இவ்வளவு மணி வேலை செய், இவ்வளவு வருமானத்துக்கு நான் பொறுப்பு என்று எந்தக் கூட்டாளி மற்றொரு கூட்டாளிக்கு உறுதி சொல்லுவான்? அது எஜமானன் வாயில் வரும் பேச்சு. 2021 அக்டோபரில், இதே கம்பெனியின் மூலம் அழகுக்கலை வேலை செய்துவந்த பெண்கள் நூற்றுக்கு மேற்பட்டோர், பிடித்தம் தாங்கவில்லையென்று குருகிராமத்தில் அதன் ஆபீஸ் வாசலில் கூடினார்கள். சில சலுகைகள் அறிவிக்கப்பட்டன. டிசம்பரில் அவர்கள் மறுபடியும் கூடியபோது, கம்பெனி தன் பங்காளிகள்மீதே வழக்குத் தொடுத்துத் தடையுத்தரவு கேட்டது.

இந்த வாதத்தை நம் ஊர் முன்பே கேட்டிருக்கிறது. இலையும் தூளும் முதலாளியுடையவை. திண்ணையும் முதுகும் பெண்ணுடையவை. சாயங்காலம் கட்டுக்களைக் கொண்டுபோனால், ஏஜெண்டு நல்லவை இவை, ஆகாதவை இவை என்று கழித்துத் தள்ளுவார். கழித்ததற்குக் கூலியில்லை, கேட்பாருமில்லை. இன்றைய நட்சத்திரக் கணக்குக்கும் அந்தக் கழிவுக்கும் என்ன பேதம் என்று நேயர்களே யோசித்துப் பார்க்கலாம். “வீட்டிலிருந்து சுற்றுபவள் எமது தொழிலாளியல்லள், அவளுக்கும் எமக்கும் நடுவில் கண்டிராக்டர் இருக்கிறார்” என்று முதலாளிகள் கைகழுவி வந்தார்கள். 1966-ஆம் வருஷத்துப் பீடி சுருட்டுத் தொழிலாளர் சட்டம் அந்தக் கதவை அடைத்தது. வீட்டில் சுற்றுபவளும் தொழிலாளியே. கண்டிராக்டர் நடுவில் நின்றாலும் பிரதம முதலாளி பொறுப்பினின்று தப்ப முடியாது. கழிவைப் பற்றியும் கூலியைப் பற்றியும் தகராறு வந்தால் விசாரிக்க அதிகாரி உண்டு. மங்களூர் கணேஷ் பீடிக்காரர் முதலியோர் சுப்ரீம் கோர்ட்டு வரை சென்று பார்த்தார்கள். 1974-இல் சட்டம் செல்லுமென்று தீர்ப்பாயிற்று. 1976-இல் க்ஷேமநிதிச் சட்டமும் வந்தது. இதனால் பீடிக்காரியின் முதுகுவலி தீர்ந்ததென்று நாம் சொல்லவில்லை. ‘உன் முதலாளி யார்?’ என்று சட்டம் கேட்டால், பதில் சொல்ல அவளுக்கு ஒரு பெயர் கிடைத்தது.

அந்த 1966-ஆம் வருஷத்துச் சட்டம் இன்று புதிய தொகுப்புச் சட்டங்களுள் அடங்கிவிட்டது. 2025 நவம்பர் 21 முதல் அமலிலுள்ள அத்தொகுப்புக்களில் சமூகப் பாதுகாப்புச் சட்டம் ஒன்று. செயலி மூலம் நடக்கும் வேலை முதலாளி - தொழிலாளி உறவுக்குப் புறம்பானது என்று அதன் விளக்கப் பிரிவே சொல்லிவிடுகிறது! கம்பெனிகள் ஆண்டு வரவில் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு வரை நிதிக்குக் கட்ட வேண்டும். அதுவும் வேலைக்காரர்களுக்குக் கொடுப்பதில் நூற்றுக்கு ஐந்தைத் தாண்டலாகாது. 1966-இல் வாசலுக்குள் அழைத்த சட்டம், இப்போது திண்ணையில் உட்கார வைத்துக் கொஞ்சம் மோர் கொடுக்கிறது. பிரிட்டிஷ் சுப்ரீம் கோர்ட்டு 2021-இல் ஊபர் வழக்கில் ஒப்பந்தக் காகிதத்தைப் பாராமல் நடைமுறையைப் பார்த்து, வண்டியோட்டிகள் தொழிலாளரே என்று தீர்ப்பளித்ததை நம் சட்ட நிபுணர்கள் படிக்காமலா இருப்பார்கள்?

தமிழ்நாட்டில் வீட்டு வேலையாளருக்கு 2007 முதல் நலவாரியம் இருக்கிறது. கூலி விகிதமும் காகிதத்தில் இருக்கிறது. அது ஏன் வீடுகளில் ஏறவில்லையென்றால், பிறர் வீட்டுக்குள் இன்ஸ்பெக்டர் எப்படி நுழைவார் என்பதே இதுகாறும் சொல்லப்பட்ட சமாதானம். அந்தச் சமாதானம் இனிச் செல்லாது. இந்தப் பெண் எந்த வீட்டுக்கு எத்தனை மணிக்குப் போனாள், எப்போது வெளிவந்தாள், வீட்டுக்காரர் எவ்வளவு கொடுத்தார், அவள் கைக்கு எவ்வளவு வந்தது என்பதெல்லாம் நிமிஷம் தவறாமல் கம்பெனியின் கணக்கில் பதிவாகிறது. வீட்டு வேலைக்கு இவ்வளவு துல்லியமான பேரேடு இதற்குமுன் இருந்ததேயில்லை. சர்க்கார் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டாம். அந்தப் பேரேட்டைக் கேட்டால் போதும். கர்நாடகம் 2025-இல் செய்த சட்டத்தில், காரணத்தை எழுதிப் பதினான்கு நாள் நோட்டீசு கொடாமல் ஒருவரை வேலையினின்று நீக்கலாகாதென்று விதித்திருக்கிறார்கள். நமது மாகாணம் அதைவிட ஒரு படி மேலே போகக் கூடாதா? பீடிக்காரிக்குப் பாஸ் புத்தகம்போல் இவளுக்கும் மாதந்தோறும் கணக்கின் பிரதி கையில் வரவேண்டும். நட்சத்திரம் குறைந்தால் காரணம் கேட்க ஓர் அதிகாரி வேண்டும். முதலாளியல்லவென்று ருசுப்பிக்கும் பாரம் கம்பெனியின்மீது இருக்க வேண்டும்.

1954-இல், முதன்மந்திரியாக இருந்த காமராஜரைச் சட்டசபைக்கு அனுப்பிய தொகுதி குடியாத்தம். அத்தொகுதியின் மெம்பர் அடுத்த கூட்டத்தில் எழுந்து, இதற்குரிய மசோதா எந்தத் தேதியில் வருமென்று தொழில் மந்திரியைக் கேட்கட்டும்.