பெட்டி நிறைய பாகங்கள்... எது எங்கே சேரும்? பழைய ஹெரால்டு காரை மீண்டும் பூட்டும் கதை!

தாத்தா ஓட்டிய கார், வீட்டுக் கொட்டகையில் கிடக்கிறது. எப்போதோ ஒரு மெக்கானிக் அதைப் பிரித்துப் போட்டார். வேலை முடியும் முன்பே அவர் காலமாகிவிட்டார். மிச்சம் இருப்பது துருப்பிடித்த சேஸிஸும் நாலைந்து பெட்டிப் பாகங்களும்தான். பழைய கார் பிரியர்கள் பலருக்கும் கார் இப்படித்தான் கைக்கு வருகிறது. பெட்டிக்குள் கையை விட்டால், பாதிப் பொருளுக்குப் பேர்கூடத் தெரியாது.

ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் ஷூ கம்பெனியில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் சட்டென்று புரியும். ஒரு ஷூவின் மேல்பாகமே பல துண்டுகள். அடுத்தடுத்த சைஸ் துண்டுகள் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். அதனால் வெட்டும்போதே ஓரத்தில் சின்னக் குறி விழும்படி செய்வார்கள். தைப்பவர் அதைப் பார்த்துத்தான் ஜோடி சேர்ப்பார். கார் பாகங்களிலும் அப்படிக் குறிகள் உண்டு.

வண்டலூரில் பிறந்த கார்

ஸ்டாண்டர்டு ஹெரால்டு நம்ம ஊர்க் கார். சென்னை வண்டலூரை ஒட்டி இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் 1961-ல் தயாரிப்பு தொடங்கியது. மூலம், பிரிட்டனின் ட்ரையம்ஃப் ஹெரால்டு. வடிவமைத்தவர் இத்தாலியின் ஜியோவானி மிக்கெலாட்டி.

இந்தக் காரின் பாடி ஒரே கூடு கிடையாது. பல பகுதிகளைத் தனியான சேஸிஸ் மேல் போல்ட் போட்டு இணைத்திருப்பார்கள். பிரிப்பது சுலபம், அதனால் பிரித்துப் போட்டுவிட்டுத் திணறுவதும் சுலபம்!

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. பிரிட்டன் ஹெரால்டுக்குப் பின்னாளில் பெரிய இன்ஜின்கள் வந்தன. இந்திய ஹெரால்டு 948 சிசி-யிலேயே நின்றது. பிரிட்டனில் இல்லாத நாலு கதவு மாடலும் இங்கே வந்தது. 1972-ல் வந்த கெஸல் காரில் பின் ஆக்ஸில் அமைப்பே வேறு. வெளிநாட்டுப் புத்தகத்தை மட்டும் நம்பினால் சில பாகங்கள் புதிராகவே இருக்கும்.

முதல் துப்பு: முத்திரை

பாகத்தை மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவி, டார்ச் அடித்துப் பாருங்கள். 'ஸ்டான்பார்ட்' என்ற எழுத்து தெரிந்தால் அது ஸ்டாண்டர்டு-ட்ரையம்ஃப் குடும்பம். 'லூகாஸ் டிவிஎஸ்' என்றால் மின்சாரப் பாகம். அந்த நிறுவனம் 1961-ல் தொடங்கியது. 1962-ல் தொடங்கிய 'பிரேக்ஸ் இந்தியா' பெயர் இருந்தால், தேடலைப் பிரேக் பக்கம் திருப்பலாம்.

இரண்டாவது துப்பு: மரை

ஹெரால்டு பெரும்பாலும் அங்குலக் கணக்கு. பத்மினி, ஃபியட் வகையறா மில்லிமீட்டர் கணக்கு. 5/16 அங்குல போல்ட்டின் தடிமன் 7.94 மி.மீ. எட்டு மி.மீ. போல்ட்டோடு பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் நெருக்க மரை உள்ள 5/16 போல்ட்டில் ஓர் அங்குலத்துக்கு 24 மரை. சாதாரண எட்டு மி.மீ. போல்ட்டில் சுமார் 20 மரைதான். ஒன்றை இன்னொன்றின் இடத்தில் பலவந்தமாக முறுக்கினால் மரை தேய்ந்துவிடும். மரை அளக்கும் கேஜ் ஒன்று கையில் இருந்தால் இந்தத் தலைவலி இல்லை.

மூன்றாவது துப்பு: வயரின் நிறம்

பிரிட்டிஷ் முறையில் பழுப்பு வயர் பேட்டரியிலிருந்து நேராக வரும். வெள்ளை, சாவி போட்டதும் உயிர் பெறும். பச்சை, ஃபியூஸ் தாண்டி வருவது. நீலம் ஹெட்லைட், சிவப்பு பார்க்கிங் லைட், கறுப்பு எர்த். நிறம் மங்கியிருந்தால், வயர் டேப்புக்குள் ஒளிந்திருக்கும் பகுதியைப் பாருங்கள்.

காயலான் கடைக்குப் போடாதீர்கள்!

பெட்டியின் அடியில் சின்னச் சின்ன இரும்புத் தகடுகள் கிடக்கும். குப்பை மாதிரி இருக்கும். பாடிக்கும் சேஸிஸுக்கும் நடுவே வைத்து உயரத்தைச் சரிசெய்யும் தகடுகள் அவை. அவை தொலைந்தால் கதவு சரியாகச் சாத்தாது.

அதைவிட முக்கியமானது, மஞ்சள் நிறத்தில் இருக்கும் ஒரு கனமான உலோகக் கட்டி. பித்தளை விலைக்குப் போட்டுவிடலாம் என்று தோன்றும். அதன் பெயர் ட்ரன்னியன். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரும்புத் தண்டு, அடியில் இதற்குள்தான் மரையோடு இறங்கியிருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பினால் தண்டு இந்த மரைக்குள்தான் சுழலும்.

இடது, வலது இரண்டுக்கும் மரை எதிரெதிர்த் திசை. ஏறவில்லை என்றால் பக்கம் மாறியிருக்கிறது என்று அர்த்தம். சுத்தியலை எடுக்கக் கூடாது. இதற்குக் கிரீஸ் போதாது, கியர் ஆயில் விட வேண்டும். வறண்டு துருப்பிடித்தால் தண்டு ஒருநாள் முறியும், சக்கரம் மடங்கிவிடும். அது உயிர் போகிற விஷயம்.

எப்படித் தொடங்குவது?

* இடம் தெரியாத பாகத்தைத் தூக்கிப் போடாதீர்கள். படமெடுத்து, நம்பர் போட்டு, தனிப் பையில் வையுங்கள்.
* தெரிந்ததை முதலில் பூட்டுங்கள். காலியாக நிற்கும் ஓட்டைகளே மிச்சப் பாகங்களுக்கு வழி காட்டும்.
* தேய்மானத்தைக் கவனியுங்கள். எங்கே உரசியது என்பதைப் பளபளப்பு காட்டிக்கொடுக்கும்.
* பழைய ஷெட் மெக்கானிக் யாராவது இருந்தால் பெட்டியோடு போய்ப் பாருங்கள். அவர் சொல்வதை எழுதி வையுங்கள்.
* கிழிந்த சீட் கவரை எறியாதீர்கள். தையலைப் பிரித்தால் புதிய தோலை வெட்ட அதுவே அளவு. வெட்டித் தைக்க ஆம்பூரில் கைதேர்ந்தவர்களுக்கா பஞ்சம்?
* இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர் இரண்டையும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிடுங்கள்.

கடைசிக் குறிப்புக்குக் காரணம் உண்டு. 2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி, 50 வயது தாண்டிய கார்களை 'வின்டேஜ்' எனப் பதிவு செய்யலாம். நம்பர் பிளேட்டில் 'வி.ஏ' என்று வரும். ஆனால் சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. அந்தப் பெட்டிகளில் கிடப்பது வெறும் இரும்பு என்று நினைத்துக் கைக்குக் கிடைத்ததைப் பூட்டினால், தாத்தாவின் காருக்கு அந்தத் தகுதியும் கிடைக்காமல் போகலாம்.