காவலர்மேல் குற்றச்சாட்டு: சட்டம் திறந்து வைத்துள்ள நான்கு வாயில்கள்

காவல் என்பது 'கா' என்னும் வேரிலிருந்து பிறந்த சொல். காத்தல் தொழிலை உடையவன் காவலன். பண்டை நூல்களில் இச்சொல் நாடாளும் வேந்தனைக் குறித்தது. இன்று நாம் காவலர் என்றால் தெருமுனையில் நிற்கும் போலீஸ்காரரை நினைக்கிறோம். சொல் அரண்மனையிலிருந்து தெருவிற்கு வந்துவிட்டது. அதனுள் அடங்கிய பொறுப்பு மட்டும் குறையவில்லை.

சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையைப் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். கோவலனைக் கண்ட காவலர் எல்லோரும் உடனே வாளை ஓங்கிவிடவில்லை. இவன் கள்வனாகத் தோன்றவில்லையே என்று தயங்கியவரும் உண்டு. பொற்கொல்லன் கள்வரின் சூழ்ச்சிகளை விரித்துரைத்த பின்னர், கல்வியறிவில்லாத, கள்ளுண்டு களித்த ஒருவன் வாளை வீசினான். கண்ணகியோ அவனைத் தேடிச் செல்லவில்லை. நேரே அரசன் வாயிலுக்குச் சென்றாள். வெட்டிய கையை விட்டு, அக்கையை ஏவிய ஆட்சியை வினவினாள்.

இக்காலச் சட்டம் இவ்விரண்டு வினாக்களையும் தனித்தனியே பிரித்து வைத்திருக்கிறது. சுட்ட கையை வினவும் இடம் ஒன்று. ஏவிய ஆட்சியை வினவும் இடம் வேறொன்று. இப்பிரிவை அறியாமையால், ஒரு நீதிமன்றத்தின் தீர்ப்பில் எல்லா வினாக்களுக்கும் விடையை எதிர்பார்த்து நாம் ஏமாற்றமடைகிறோம். இதனை நம் நாட்டில் நடந்த ஒரு வழக்கைக் கொண்டு விளக்க முயல்வோம்.

ஷா ஆலாம் வழக்கு

2010ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் விடியற்கு முன், ஷா ஆலாமில் மூன்றாம் படிவத்தில் பயின்ற ஒரு மாணவன் கார் ஓட்டிச் சென்றபோது, துரத்தி வந்த போலீசாரின் துப்பாக்கிக் குண்டு பட்டு மாண்டான். ஓட்டுநர் உரிமம் பெறும் வயது அவனுக்கு ஆகவில்லை. உடன் சென்ற நண்பன் உயிர் தப்பினான். கார் பின்னோக்கி வந்து தங்களை மோத முயன்றது என்று போலீசார் தரப்பில் முதலில் கூறப்பட்டது. தப்பிய மாணவன் அதை மறுத்தான். நாடெங்கும் கொந்தளிப்பு எழுந்தது. புலனாய்வை நடத்தியதும் போலீஸ் படையே ஆதலின், அதனைக் கண்காணிக்க உள்துறை அமைச்சு ஒரு சிறப்புக் குழுவை அமைத்தது.

அடுத்த மாதமே ஒரு கார்ப்பரல்மேல் தண்டனைச் சட்டத்தின் 304(அ) பிரிவின்கீழ் குற்றஞ்சாட்டப்பட்டது. 2011 செப்டம்பரில் செஷன்ஸ் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி எனக் கண்டு 5 ஆண்டுச் சிறை விதித்தது. 2012 டிசம்பரில் உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பைத் தள்ளி அவரை விடுவித்தது. 2013இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் விடுதலையை உறுதிப்படுத்தியது.

இதைக் கேட்பார் இருவேறு முடிவுக்கு வருகின்றனர். 'காவலர் செய்தது சரி என்று நீதிமன்றமே சொல்லிவிட்டது' என்பார் ஒரு சாரார். 'போலீஸ்காரருக்கு ஒரு சட்டம், நமக்கு ஒரு சட்டம்' என்பார் மறு சாரார். இரண்டும் அவசர முடிவுகளே. தீர்ப்பு என்ன கூறிற்று என்பதை அறிய, நீதிமன்றத்தின்முன் என்ன வினா வைக்கப்பட்டது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

சுடும் உரிமை எவ்வளவு?

போலீஸ்காரர் கையிலுள்ள துப்பாக்கி வரம்பற்ற உரிமையைத் தருவதன்று. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, கைது செய்யப்படுபவர் எதிர்த்துப் போராடினாலோ தப்ப முயன்றாலோ, அவரைப் பிடிக்கத் தேவையான எல்லா வழிகளையும் கையாளலாம் என்கிறது. உடனே ஓர் எல்லையும் கட்டுகிறது: மரண தண்டனையோ மிக நீண்ட சிறைத்தண்டனையோ விதிக்கத்தக்க குற்றம் சாட்டப்படாத ஒருவரின் உயிரைப் போக்க இப்பிரிவு உரிமை தராது. நிற்காமல் கார் ஓட்டிச் செல்வது அத்தகைய குற்றமாகாது என்பது வெளிப்படை. தன் உயிரையோ பிறர் உயிரையோ காக்கும் தற்காப்பு உரிமை வேறு; அது போலீஸ்காரருக்கும் உண்டு, நமக்கும் உண்டு. ஆகவேதான் 'கார் மோத வந்ததா' என்ற வினா இத்தகைய வழக்குகளில் உயிர்நிலை ஆகிறது.

முதல் வாயில்: குற்ற வழக்கு

உயிர்போக்கிய செயலைத் தண்டனைச் சட்டம் படிப்படியாகப் பிரிக்கிறது. கொலை என்பது 302ஆம் பிரிவு. பொது ஊழியர் ஒருவர் தம் அதிகாரத்தை மீறியபோதும், தம் செயல் சட்டத்திற்கு உட்பட்டது, கடமைக்கு வேண்டியது என்று நல்லெண்ணத்தோடு நம்பி, பகைமையின்றி உயிர் போக்கினால், அது கொலை என்னும் வகையினின்று நீங்கிக் கொலையாகாத மரணம் விளைவித்தல் என்னும் வகையில் அடங்கும். அதற்குரியது 304ஆம் பிரிவு. அதிலும் எண்ணத்தோடு செய்ததாயின் 30 ஆண்டு வரை சிறை. விளைவு தெரிந்தும் எண்ணமின்றிச் செய்ததாயின் 10 ஆண்டு வரை. வெறும் கவனக்குறைவாயின் 304ஏ என்னும் தனிப்பிரிவு. அதற்கு 2 ஆண்டு வரையே.

எந்தப் பிரிவில் குற்றஞ்சாட்டுவது என்பதை நீதிபதி தீர்மானிப்பதில்லை. அரசமைப்புச் சட்டத்தின் 145ஆம் விதி அவ்வதிகாரத்தைச் சட்டத்துறைத் தலைவரிடம் வைத்தது. ஷா ஆலாம் வழக்கில் எண்ணத்தை அடிப்படையாகக் கொண்ட பிரிவு தேர்ந்துகொள்ளப்பட்டது. ஆகவே நீதிமன்றம் எண்ணத்தையே தேட வேண்டியதாயிற்று. கொல்லும் எண்ணத்தோடு சுட்டார் என்பது ஐயத்திற்கிடமின்றி மெய்ப்பிக்கப்படவில்லை என்னும் நிலையில் விடுதலை கிட்டியது. அப்படிச் சுட்டது அறிவுடைய செயலா, காரைத் துரத்திச் சுடுவது பற்றி மேலதிகாரிகள் கொடுத்திருந்த கட்டளைகள் செம்மையானவையா என்பன குற்றப்பத்திரிகையில் இல்லாத வினாக்கள். கேட்கப்படாத வினாவிற்குத் தீர்ப்பில் விடை இராது.

இரண்டாம் வாயில்: மரண விசாரணை

ஒருவர் எவ்வாறு, எப்போது, எதனால் மாண்டார் என்று மெஜிஸ்திரேட் ஆராய்வது மரண விசாரணை. இதில் குற்றவாளிக் கூண்டு இல்லை. உண்மையைக் கண்டறிவதே நோக்கம். போலீஸ் காவலில் நேர்ந்த சாவுக்கு விசாரணை நடத்தியே ஆக வேண்டும் என்பது 334ஆம் பிரிவின் கட்டளை. சாலையில் சுடப்பட்டவர் காவலில் இருந்தவர் அல்லர்; ஆதலின் அக்கட்டளை தானாக அவருக்கு உதவுவதில்லை. போலீசார் அனுப்பும் அறிக்கையைக் கண்டு மெஜிஸ்திரேட்டோ, அரசுத் தரப்பு வழக்குத்துறையோ விசாரணை வேண்டும் எனக் கருதினால்தான் இவ்வாயில் திறக்கும். குடும்பத்தார் வழக்கறிஞர் வழியாக எழுத்து மூலம் விசாரணை கோருதல் நன்று.

மூன்றாம் வாயில்: ஒழுங்கு நடவடிக்கை

அரசு ஊழியர்களுக்கான 1993ஆம் ஆண்டு ஒழுங்கு விதிகளின்படி, நீதிமன்றத்தில் விடுதலை பெற்றவர்மேல் அதே குற்றச்சாட்டைக் கொண்டு ஒழுங்கு நடவடிக்கை எடுக்க இயலாது. ஆனால் அந்நிகழ்ச்சியில் அவருடைய நடத்தையிலிருந்து எழும் வேறு குறைகளுக்கு நடவடிக்கை எடுக்கத் தடையில்லை. ஆகவே 'விடுதலையாகிவிட்டார், இனி ஒன்றும் செய்வதற்கில்லை' என்று ஒரு துறை கைவிரிக்குமானால் அது முழு விடையாகாது.

நான்காம் வாயில்: இழப்பீட்டு வழக்கு

இதுவே பலரும் அறியாதது. அறியாமையால் இழப்பதும் இதையே. குற்ற வழக்கில் ஐயத்திற்கிடமின்றி மெய்ப்பிக்க வேண்டும். உரிமை வழக்கிலோ, எது பெரிதும் நிகழ்ந்திருக்கக்கூடும் என்று சீர்தூக்கினால் போதும். மேலும் இங்கே மேலதிகாரிகளையும் அரசாங்கத்தையும் பிரதிவாதிகளாக நிறுத்தலாம். கண்ணகியின் வினாவிற்கு இக்காலத்தில் இடமளிப்பது இவ்வாயிலே.

2009இல் சிலாங்கூரில் போலீஸ் காவலில் மாண்ட தமிழ் இளைஞரின் வழக்கு இதற்குச் சான்று. அது துப்பாக்கியால் நேர்ந்ததன்று. எனினும் பாடம் ஒன்றே. குற்ற வழக்கில் காயம் விளைவித்த குற்றத்திற்காகக் கான்ஸ்டபிள் ஒருவர் மட்டுமே நின்றார். தாயார் தொடுத்த உரிமை வழக்கிலோ 2013இல் உயர் நீதிமன்றம் மேலதிகாரியையும் அரசாங்கத்தையும் பொறுப்பாளிகள் எனக் கண்டு, 8 இலட்சம் வெள்ளிக்கு மேல் இழப்பீடு விதித்தது. பின்னர் மேல்முறையீட்டில் தொகையில் ஒரு பகுதி குறைக்கப்பட்டதெனினும் பொறுப்பு நீங்கவில்லை.

இவ்வாயிலுக்குக் காலக்கெடு உண்டு. அரசாங்கத்தின்மீதும் அதன் ஊழியர்மீதும் கடமை பற்றித் தொடுக்கும் வழக்கு 36 மாதத்திற்குள் தொடுக்கப்பட வேண்டும் என்பது பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டத்தின் விதி. ஷா ஆலாமில் 2010இல் தொடங்கிய குற்ற வழக்கு மேல்முறையீட்டில் முடிந்தது 2013இல். குற்ற வழக்கின் முடிவு வரட்டும் என்று பொறுமையோடு காத்திருக்கும் ஏழைக் குடும்பம், அம்முடிவு வரும்போது வாயில் அடைபட்டிருக்கக் காணும். ஆகவே முதல் ஆண்டிலேயே வழக்கறிஞரை நாடுவது அறிவுடைமை. வசதியற்றோர் சட்ட உதவி நிலையங்களை அணுகலாம்.

காவலரைக் காக்கும் ஆணையம்

போலீஸ் படையைப் போலீஸ் படையே புலனாய்வு செய்வது பற்றிய குறை பழையது. 2004இல் துன் முகமது சைடின் அப்துல்லா தலைமையில் அமைந்த அரச விசாரணை ஆணையம் 2005இல் 125 பரிந்துரைகளை அளித்தது. போலீஸ் படைக்கெனச் சுதந்திரமான ஆணையம் வேண்டும் என்பது அவற்றுள் தலையாயது. 2022இல் அதற்கெனச் சட்டம் இயற்றப்பட்டு, 2023 ஜூலை 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. பரிந்துரைக்கும் நடைமுறைக்கும் இடையே கழிந்தவை 18 ஆண்டுகள். இவ்வாணையம் புகாரைப் பெற்று விசாரிக்கலாம். தானே தண்டிக்க இயலாது, முடிவை உரிய அதிகாரியிடம் அனுப்ப வேண்டும். இக்குறையைச் சட்ட வல்லுநர் பலர் சுட்டியுள்ளனர். குறையுடையதெனினும் புகார் செய்ய ஒரு தனி இடம் உண்டு என்பதை மக்கள் அறிந்திருக்க வேண்டும்.

இத்தகைய ஆணையத்தைப் போலீஸ் படைக்குப் பகை எனக் கருதுவோர் உளர். அது பிழை. இரவு பகலாக ஆபத்தின் நடுவே உழைக்கும் காவலர், நேர்மையாகச் சுட நேர்ந்தபோதும், தம் தோழரே விசாரித்து விடுவித்தால் ஊர் நம்பாது. வெளியார் விசாரித்து அவர் குற்றமற்றவர் என்றால் ஊர் நம்பும். ஆகவே சுதந்திரமான விசாரணை நல்ல காவலருக்கும் கேடயமாகும்.

ஆசிரியர் செய்யத்தக்கது

இத்துறையில் தமிழாசிரியர்க்கு ஒரு தனிக்கடமை உண்டு. அது சொற்களைத் துலக்கும் கடமை. குற்றஞ்சாட்டப்பட்டவர் வேறு, குற்றவாளி வேறு. சாட்டு என்பது வினா. தீர்ப்பு என்பது விடை. 'விடுதலை' என்ற சொல், சாட்டப்பட்ட குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என்பதையே குறிக்கும். நிகழ்ந்தது எல்லாம் முறையானது என்பதை அது குறிக்காது. காவலர்மேல் சாட்டு எழுந்தவுடன் அவரைக் கொலைகாரர் என எழுதுவதும், விடுதலையானவுடன் மாண்ட சிறுவனைத் திருடன் எனப் பேசுவதும் ஒரே பிழையின் இரு பக்கங்கள். நாளிதழ்ச் செய்தி ஒன்றை வகுப்பில் படித்து, இதில் சாட்டு எது, சான்று எது, தீர்ப்பு எது என்று மாணவரைப் பிரித்துக் காட்டச் செய்யலாம்.

அவ்வாறு பயின்ற பிள்ளை நாளை காவலராகலாம், வழக்கறிஞராகலாம், துயருற்ற ஒரு குடும்பத்திற்கு அண்டை வீட்டாராகவும் ஆகலாம். அந்நாளில், எந்த வினாவை எந்த வாயிலில், எக்காலத்திற்குள் கேட்க வேண்டும் என்பதை அப்பிள்ளை அறிந்திருக்கும்.